பாட ஆளில்லாத பாட்டு: கன்ஸோனா எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

#1 · மாலைக்காற்று · வெள்ளி, இரவு 10.52

வணக்கம். ஒரு மாதமாக இரவில் ஒரே இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெனிஸ் நகரத்து ஜியோவான்னி காப்ரியேலியின் இசை. பெரும்பாலும் ஊதுகருவிகள். உறையில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'கன்ஸோனா' என்ற பெயர், பக்கத்தில் ஓர் எண். இத்தாலிய அகராதியைப் புரட்டினால் கன்ஸோனா என்றால் பாட்டு. பாட்டென்றால் பாடுகிறவர் எங்கே? பக்கத்து அறையிலிருந்து அம்மா நேற்று இதையே வேறு மாதிரி கேட்டார்: "முன்னிசையே முக்கால் மணி நேரம் போகிறதே, பாட்டு எப்போது வரும்?"

பாட யாரும் இல்லாததற்குப் பாட்டு என்று ஏன் பெயர் வைத்தார்கள்? அதே தட்டில் இரண்டே இரண்டுக்கு மட்டும் 'சொனாட்டா' என்று போட்டிருக்கிறார்கள். என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்று, சொனாட்டா என்ற சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. கன்ஸோனா எப்படிக் காணாமல் போனது? தேடிப் பார்த்தால் எங்கும் நான்கு வரிக் குறிப்புதான் கிடைக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


#2 · துருத்திக்காரர் · சனி, காலை 6.15

உங்கள் அம்மாவின் கேள்வி சரியான கேள்வி. விடை வெனிஸில் இல்லை, பாரீசில் இருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரான்சில் 'ஷான்ஸோன்' என்ற பாட்டு வகை கொடிகட்டிப் பறந்தது. ஷான்ஸோன் என்றாலும் பாட்டுதான். நான்கு குரல்கள், சிறிய பாட்டு, எளிய சொற்கள், துள்ளும் நடை. கிளெமாந் ஜானெக்கன், கிளோதின் த செர்மிசி ஆகியோர் இதில் பேர்போனவர்கள். பாரீசில் பியேர் அத்தேஞ்ஞான் என்ற அச்சகத்தார் 1528 முதல் இவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டுத் தள்ளினார். அதுவரை இசை அச்சிட வேண்டுமென்றால் கோடுகளை ஒரு முறை, சுரங்களை இன்னொரு முறை என்று ஒரே தாளைப் பலமுறை அச்சில் ஏற்ற வேண்டும். அவர் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அடித்தார். விலை குறைந்தது, ஷான்ஸோன் எல்லை தாண்டியது.

இத்தாலியர்கள் அதற்கும் முன்பே பிரெஞ்சு நாட்டுப் பாட்டுகளைக் கருவியில் வாசித்துப் பழகியிருந்தார்கள். 1501இல் வெனிஸில் பெத்ரூச்சி என்ற அச்சகத்தார் வெளியிட்ட முதல் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். அதில் கிட்டத்தட்ட நூறு பாட்டுகள்; பெரும்பாலானவற்றில் தொடக்கச் சொற்கள் மட்டுமே இருக்கின்றன, முழு வரிகள் இல்லை. பாட்டை அடையாளம் கண்டுகொள்ள அது போதும், பாடப் போதாது. ஆகவே வாசிக்கிறவர்களும் அதை வாங்கினார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது.

லூட் வாசித்தவர்களும் ஆர்கன் வாசித்தவர்களும் நான்கு குரலையும் தம் விரலுக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொண்டார்கள். குரல் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். லூட்டின் நரம்பு மீட்டிய நொடியிலிருந்து தேய ஆரம்பிக்கும். எனவே நீண்ட சுரங்களின் இடைவெளியைச் சின்னச் சின்ன ஓட்டங்களால் நிரப்பினார்கள். இப்படி வாசித்து வாசித்து அது தனி ருசியாகிவிட்டது. இத்தாலியில் இதற்குப் 'பிரெஞ்சுப் பாணிக் கன்ஸோனா' என்று பெயர் வந்தது. பிறகு 'கன்ஸோன் தா சொனார்', அதாவது வாசிப்பதற்கான பாட்டு. கருவிக்கே நேராக எழுதத் தொடங்கிய பின்பும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

ஓர் அடையாளமும் சொல்கிறேன். பல கன்ஸோனாக்கள் நீளம், குட்டை, குட்டை என்றுதான் வாயைத் திறக்கும், அதிலும் பெரும்பாலும் ஒரே சுரத்தில். நம் யாப்பிலிருந்து எடுத்தால் 'கூவிள' என்று சொல்லிப் பாருங்கள். நெடில், குறில், குறில். ஷான்ஸோன் விட்டுப்போன கைரேகை அது.


#3 · எட்டுக்கட்டை · சனி, காலை 8.03

கூவிள, கூவிள என்று சொல்லிக்கொண்டே பல் துலக்கினேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

துருத்தி ஐயா, ஒரு சந்தேகம். நம் கச்சேரியில் வயலினும் வீணையும் கீர்த்தனை வாசிக்கின்றன. பாட ஆளில்லை, ஆனாலும் அதைக் கீர்த்தனை என்றுதான் சொல்கிறோம். அதேதானே இது?


#4 · சாட்சிஎங்கே · சனி, காலை 9.40

அதே இல்லை. வீணையில் ஒரு கீர்த்தனையைக் கேட்கும்போது சாகித்தியம் கேட்பவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசிப்பவரும் மனத்துக்குள் பாடிக்கொண்டே மீட்டுகிறார். ஷான்ஸோனை லூட்டில் வாசித்த முதல் கட்டத்துக்கு உங்கள் ஒப்பீடு பொருந்தும். கன்ஸோனா அங்கே நிற்கவில்லை என்பதுதான் விஷயம்.

இடைநிலைக்குச் சான்று உண்டு. 1543இல் ஜிரோலமோ கவாஸ்ஸோனி தம் ஆர்கன் நூலில் சில கன்ஸோனாக்களைச் சேர்த்தார். அவற்றில் ஒன்று ஜோஸ்கன் த ப்ரேயின் பெயரில் வழங்கும் 'ஃபோல்த் தார்ழான்' என்ற ஷான்ஸோனைப் பிடித்துக்கொண்டு போகிறது. பணமில்லாத கஷ்டத்தைப் பற்றிய பாட்டு. ஆனால் அது அந்தப் பாட்டின் நகல் அல்ல. மெட்டின் துண்டுகளை எடுத்துத் தம் விருப்பப்படி வளர்க்கிறார். சொல் போய்விட்டது, மெட்டிலும் பாதி போய்விட்டது. அடுத்த தலைமுறையில் மெட்டும் சொந்த மெட்டு.

அந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு எந்தக் கேட்பவர் மனத்திலும் சாகித்தியம் ஓட வழியில்லை. ஒருபோதும் இருந்திராத சொல்லை எப்படி நினைத்துக்கொள்வது?


#5 · எட்டுக்கட்டை · சனி, காலை 9.58

சரி, தோற்றேன். அப்படியானால் ஜதிஸ்வரம் பக்கத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாமா? அல்லது அதற்கும் சாட்சி கேட்பீர்களா?


#6 · சாட்சிஎங்கே · சனி, காலை 10.06

கேட்பேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மரபுகள். சொல் இல்லாமல் நிற்கிறது என்ற ஒரு பொருத்தம் மட்டும்தான். இழையை இத்தாலியிலேயே வைத்திருப்போம்.


#7 · நான்குநரம்பு · சனி, பிற்பகல் 2.30

வகுப்பு முடித்துவிட்டு இப்போதுதான் பார்க்கிறேன். நல்ல இழை. கவாஸ்ஸோனியிலிருந்து காப்ரியேலிக்குத் தாவிவிடாதீர்கள், நடுவில் பிரெஷியா என்ற ஊர் இருக்கிறது.

கருவிக் குழுவுக்கான கன்ஸோனா முதலில் மத்ரிகல் (பல குரலில் பாடும் இத்தாலியப் பாட்டு) புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் தலை காட்டியது. 1572இல் நிக்கோலா விச்செந்தினோ தம் மத்ரிகல் தொகுப்பில் 'லா பெல்லா' என்ற ஒன்றைச் சேர்த்தார். முழுப் புத்தகமாகக் கையில் கிடைப்பது 1584இல் பிரெஷியாவில் அச்சான ஃப்ளோரென்ஸியோ மாஸ்கெராவின் நான்கு குரல் கன்ஸோனாக்கள். குரல் என்றால் இங்கே ஒரு கருவி வாசிக்கும் தனி வரி. அவர் அந்த ஊர்ப் பேராலயத்து ஆர்கன் கலைஞர். அதே ஊரில்தான் கஸ்பாரோ தா சலோ வயலின்களையும் வியோலாக்களையும் செய்துகொண்டிருந்தார். கருவி செய்பவர், வாசிப்பவர், எழுதுபவர் எல்லோரும் சில தெருக்களுக்குள் இருந்த ஊர். வயலின்காரியாகிய எனக்கு இது வெறும் தற்செயலாகப் படவில்லை. சாட்சி கோபிப்பார், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

பட்டப்பெயர்களைப் பற்றி: கன்ஸோனா பெண்பால் சொல் என்பதால் பெயர்கள் எல்லாம் 'லா' என்று தொடங்கும். பெரும்பாலும் குடும்பப் பெயர்கள். மார்த்தினெங்கோ பிரெஷியாவின் பெரிய குடும்பம். மாஸ்கெராவின் கன்ஸோனா 'லா மார்த்தினெங்கா'. ஆதரித்தவருக்கு ஒரு கும்பிடு. சில பெயர்கள் விளையாட்டு. காப்ரியேலியின் 'லா ஸ்பிரித்தாதா' என்றால் ஆவி பிடித்தவள்.

அச்சில் நான்கு குரலுக்கும் நான்கு தனிப் புத்தகங்கள். ஒருவர் புத்தகத்தில் அடுத்தவர் வாசிப்பது தெரியாது. தாளக்கோடும் கிடையாது. என் மாணவர்களுக்கு ஒரு முறை அப்படிப் படியெடுத்துக் கொடுத்தேன். முதல் பத்து நிமிடம் அழுகை. பிறகுதான் ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லை அல்லவா! மேல் குரல் வாசித்த மெட்டைக் கொஞ்சம் தள்ளி அடுத்த குரல் எடுக்கும், அப்புறம் மூன்றாவது, நான்காவது. காது கொடுக்காவிட்டால் உங்கள் எடுப்பு தவறிப்போகும்.

எந்தக் கருவி என்று பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். 1608இல் வெனிஸில் ரவேரீ என்பவர் பலருடைய கன்ஸோனாக்களைத் திரட்டி 36 உருப்படிகளாக வெளியிட்டார். தலைப்பே 'எல்லா வகைக் கருவிகளாலும் வாசிக்க' என்று சொல்கிறது. கையில் இருப்பதை வாசி என்று பொருள்.


#8 · ஊதுகொம்பு · சனி, மாலை 6.45

என் கருவி வந்துவிட்டது, இனி நான் பேசாமல் இருக்க முடியாது. முப்பது வருடம் பேண்டில் டிராம்போன் ஊதியவன்.

மாலைக்காற்று தம்பி, நீங்கள் கேட்பது டிராம்போனும் கார்னெட்டோவும். கார்னெட்டோவை பேண்டில் இருக்கும் பித்தளைக் கார்னெட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மரத்தைச் சற்று வளைவாகக் குடைந்து, தோல் சுற்றி, புல்லாங்குழல் மாதிரி விரல் துளை போட்ட கருவி. ஆனால் ஊதுவாய் எக்காளத்துக்கு இருப்பதுபோல் குழிந்திருக்கும், உதட்டை அதிரவிட்டு ஊத வேண்டும். ஒரு முறை நண்பர் ஒருவருடையதை வாங்கி ஊதிப் பார்த்தேன். ஆட்டுக்குட்டி கத்தியது. நன்றாக ஊதத் தெரிந்தவர்கள் கையில் மனிதக் குரல்தான்.

வெனிஸின் புனித மாற்கு ஆலயம் 1568இல் ஜிரோலமோ தல்லா காசாவைக் கருவிக் கலைஞர்களின் தலைவராகச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அவர் கார்னெட்டோக்காரர். 1584இல் ஒரு கையேடு எழுதினார். சாதாரண மெட்டை எப்படிச் சிறு சுரங்களாக உடைத்து ஓடவிடுவது என்பதற்குப் பக்கம் பக்கமாக மாதிரிகள். அவருக்குப் பின் 1601இல் அந்த இடத்துக்கு வந்த ஜியோவான்னி பஸ்ஸானோவும் அப்படியொரு நூல் எழுதியவர். காப்ரியேலி 1597இல் 'சாக்ரே சிம்ஃபோனியே' தொகுதியை அச்சிட்டபோது இந்தக் கைகளை நம்பித்தான் எழுதினார். அதில் கருவிகளுக்கு மட்டுமானவை பதினாறு: பதினான்கு கன்ஸோனா, இரண்டு சொனாட்டா. உங்கள் தட்டின் கணக்கு சரியாக வருகிறதா?

அந்த ஆலயத்தில் பீடத்துக்கு இருபுறமும் எதிரெதிரே இரண்டு மாடங்கள், இரண்டு ஆர்கன்கள். ஒரு குழு இந்தப் பக்கம் ஊதும், மற்றக் குழு அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்லும். பத்துக் குரல் கன்ஸோனா ஒன்றுக்கு 'எதிரொலியோடு' என்றே தலைப்பு. 'சொனாட்டா பியான் எ ஃபோர்தே'யில் எங்கே மெல்ல, எங்கே உரக்க என்று அச்சிலேயே போட்டார். உலகத்தில் அப்படி எழுதியவர் அவர்தான் முதல்!


#9 · சாட்சிஎங்கே · சனி, இரவு 8.20

ஊதுகொம்பு ஐயா, உங்கள் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்ற மனமில்லை, கொஞ்சம் தெளிக்கிறேன்.

1517ஐ ஒட்டி எழுதப்பட்ட விச்சென்சோ கபிரோலாவின் லூட் சுவடியில் மெல்ல வாசிக்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. எனவே 'உலகத்தில் முதல்' நிற்காது. கருவி இன்னது என்றும் ஒலி அளவு இன்னது என்றும் இரண்டையும் அச்சில் சொன்ன மிகப் பழைய உருப்படிகளில் ஒன்று என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். எட்டுக் குரலுக்கும் கருவி குறித்திருக்கிறார்: ஒரு குழுவில் கார்னெட்டோவும் மூன்று டிராம்போனும்; மற்றதில் 'வயலின்' என்று எழுதிய ஒன்றும் மூன்று டிராம்போனும். அந்த 'வயலின்' இன்றைய வயலினின் அடி நரம்புக்கும் கீழே போகிறது, ஆகவே இன்று வியோலாவில் வாசிக்கிறார்கள். ஒரு குழு தனியாக ஒலித்தால் மெல்ல, இரண்டும் சேர்ந்தால் உரக்க. அவ்வளவுதான் சூத்திரம்.

மாடங்கள் உண்மை. ஆனால் அச்சுப் பிரதியில் 'முதல் குழு, இரண்டாம் குழு' என்றுதான் இருக்கிறது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. நாம் ஒலிபெருக்கி இரண்டை இருபக்கமும் வைத்துக் கேட்டுப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை அவர்கள் மேல் ஏற்றுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.


#10 · ஊதுகொம்பு · சனி, இரவு 8.41

ஒப்புக்கொள்கிறேன், பாதி மட்டும். எதிரொலி என்று எழுதிவிட்டு எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பாரா?

சாட்சிதானே வேண்டும், இதோ ஒன்று. 1608இல் தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயப் பயணி வெனிஸில் புனித ரோக்கு சங்கத்தின் திருநாளுக்குப் போனார். காப்ரியேலி அந்தச் சங்கத்துக்கும் ஆர்கன் கலைஞர். கேட்டதைக் கோரியட் எழுதி வைத்திருக்கிறார்: சில சமயம் பதினாறு பேர் சேர்ந்து வாசித்தார்களாம், பத்து டிராம்போன், நான்கு கார்னெட்டோ, வில்லால் வாசிக்கும் மிகப் பெரிய வியோல் இரண்டு. பத்து டிராம்போன்! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.


#11 · மாலைக்காற்று · சனி, இரவு 11.15

தட்டின் கணக்கு சரியாக வருகிறது, பதினாறு. அம்மாவுக்கு 'ஆவி பிடித்தவள்' பெயர் மிகவும் பிடித்துவிட்டது. அது இந்தத் தட்டில் இல்லை என்றதும் ஏமாற்றம்.

ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறதே. பதினான்குக்கு ஒரு பெயர், இரண்டுக்கு இன்னொரு பெயர். ஏன்?


#12 · துருத்திக்காரர் · ஞாயிறு, பிற்பகல் 1.05

பூசை முடிந்து வந்தேன்.

சொனாட்டா என்ற சொல் வாசிக்கப்பட்டது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது. பாடப்பட்டது கந்தாதா, வாசிக்கப்பட்டது சொனாட்டா. அக்காலத்தில் அது ஒரு வடிவத்தின் பெயர் அல்ல. ஆனாலும் கேட்டவர்களுக்கு ஒரு வேறுபாடு தெரிந்திருக்கிறது. ஜெர்மானியரான மிக்கேல் ப்ரெத்தோரியுஸ் 1619இல் எழுதுகிறார்: சொனாட்டா மோட்டெட் (பல குரலில் பாடும் திருச்சபைப் பாட்டு) போலக் கம்பீரமாக நடக்கும், கன்ஸோனா கறுப்புச் சுரங்கள் நிறைந்து, புத்துணர்ச்சியோடு, மகிழ்ச்சியாக விரையும். கறுப்புச் சுரம் என்றால் தலை நிரப்பி எழுதும் குறுகிய சுரங்கள். காப்ரியேலியின் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாலே தெரியும். கன்ஸோனாப் பக்கம் கறுத்திருக்கும், சொனாட்டாப் பக்கம் வெளுத்திருக்கும்.

ஆகவே தம்பி, கூவிளத்தோடு ஓடினால் கன்ஸோனா, தேர் நகர்வதுபோல் நகர்ந்தால் சொனாட்டா. காப்ரியேலியின் காலத்துக்கு இந்த அளவு போதும்.


#13 · நான்குநரம்பு · ஞாயிறு, மாலை 4.50

காப்ரியேலியின் காலத்துக்குப் போதும். அடுத்த இருபது வருடத்தில் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது. அதைக் கரைத்தது பெயரும் அல்ல, வடிவமும் அல்ல. அடித்தளக் குரல். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் திருப்பமே அங்கேதான்.

1602இல் வியதானா 'நூறு திருச்சபைக் கச்சேரிகள்' என்ற தொகுதியை வெளியிட்டார். அதில் ஆர்கனுக்கு ஒரு தனித் தாழ்குரல் வரி. நடுவில் பாட ஆள் குறைந்தாலும் ஆர்கன்காரர் அந்த வரியின் மேல் ஸ்வரக்கூட்டுகளைத் தாமே கட்டி இடைவெளியை நிரப்பிவிடுவார். பாஸோ கன்டினுவோ என்பது இதுதான். பாட்டுக்காக வந்த ஏற்பாடு. தொகுதியில் கருவிகளுக்கான கன்ஸோனாவும் ஒன்று உண்டு.

விளைவைப் பாருங்கள். பழைய கன்ஸோனாவில் நான்கு குரலும் சம பங்காளிகள், ஒருவர் எழுந்து போனால் வீடு சரிந்துவிடும். இப்போது கீழே தூண் நிற்கிறது, மேலே ஒன்றோ இரண்டோ குரல் போதும். மான்டுவாவில் சலமோனே ரோஸி 1607லேயே மேலே இரண்டு, கீழே ஒன்று என்று எழுதினார். மிலானில் ஜான் பவுலோ சீமா 1610இல் வயலினுக்கும் தாழ்குரலுக்குமான சொனாட்டாக்களை அச்சிட்டார். 1612இல் காப்ரியேலி காலமானார். 1615இல் வெளிவந்த அவருடைய கடைசித் தொகுதியில் இரண்டு உலகமும் அருகருகே இருக்கின்றன: ஒரு பக்கம் இருபத்திரண்டு குரல் சொனாட்டா, இன்னொரு பக்கம் மூன்றே வயலினும் தாழ்குரலும் கொண்ட ஒன்று. முதலாவது ஒரு காலத்தின் முடிவு. என் மாணவர்கள் வாசிக்க விரும்புவது இரண்டாவதை.

தாங்கிப் பிடிக்க ஆள் வந்துவிட்டால் மேலே இருப்பவன் சும்மா இருப்பானா? 1621இல் தாரியோ காஸ்தெல்லோ 'நவீன பாணியில்' சொனாட்டாக்கள் என்று தலைப்பிட்டே ஒரு புத்தகம் போட்டார். அவை கன்ஸோனா போலவே தொடங்கும், ஒருவர் பின் ஒருவராக. பத்து இருபது தாளக்கட்டு போனதும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். ஒரு வயலின் மட்டும் தனியாக எழுந்து, பெருமூச்சு விட்டு, கெஞ்சி, ஓடி, நிற்கும். அலெக்ரோ, அடாஜோ என்று வேகத்தையும் நடுநடுவே எழுதியிருப்பார். மாஸ்கெராவில் நான்கு பேர் உரையாடினார்கள். இங்கே ஒருவர் பேச மற்றவர் கேட்கிறார். எல்லா வகைக் கருவிகளாலும் என்ற பேச்சும் முடிந்தது. இது வயலின் விரலை நினைத்து எழுதியது, இது கார்னெட்டோ மூச்சை நினைத்து எழுதியது என்று பிரிகிறது.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரே ஒரு சான்று தருகிறேன். 1637இல் தர்க்வீனியோ மெரூலா வெளியிட்ட தொகுதியின் தலைப்பு 'கன்ஸோனாக்கள் அல்லது சொனாட்டாக்கள்' என்று தொடங்குகிறது. எழுதியவருக்கே 'அல்லது' போதுமானதாக இருந்தது.


#14 · எட்டுக்கட்டை · ஞாயிறு, மாலை 5.22

இப்போதுதான் புரிகிறது. ஊரில் கூட்டாகக் கடை நடத்தினார்கள். ஒருவன் முதல் போட வந்தான், இன்னொருவன் முதலாளியாகிவிட்டான்.


#15 · சாட்சிஎங்கே · ஞாயிறு, இரவு 7.10

நான்குநரம்பு சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1630, 31இல் வெனிஸைக் கொள்ளைநோய் தாக்கியது. நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தார்கள். பத்து டிராம்போன் வைத்து வாசிக்கும் செழிப்பு அதன் பிறகு திரும்பவில்லை. இசை வடிவங்கள் ருசி மாறுவதால் மட்டும் மாறுவதில்லை. வாசிக்க ஆளும் கொடுக்கப் பணமும் வேண்டும். ஆனால் சிறுகுழு இசை கொள்ளைநோய்க்கு முன்பே மேலோங்கிவிட்டது, அதனால் பழி முழுவதையும் நோயின் மேல் போடவும் முடியாது.

கன்ஸோனா 1650 வாக்கில் இறந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.


#16 · துருத்திக்காரர் · திங்கள், காலை 5.50

இறந்துவிட்டதா? ஆர்கன்காரன் இருக்கும்போது அப்படிச் சொல்லலாமா?

குழுவுக்கான கன்ஸோனா சொனாட்டாவில் கரைந்த அதே நாட்களில் விசைப்பலகைக் கன்ஸோனா உச்சத்துக்குப் போனது. ரோமில் 1608 முதல் புனித பேதுரு பேராலயத்து ஆர்கன் கலைஞராக இருந்த ஜிரோலமோ ஃப்ரெஸ்கோபால்டிதான் அதற்குக் காரணம். அவர் செய்த வேலை நம் காதுக்கு எளிதில் பிடிபடும். ஒரே கருவை எடுத்துக்கொண்டு முதலில் இரட்டைப்படை நடையில் ஓடவிடுவார். அப்புறம் மெதுவாக ஒரு சிறு பாலம். பிறகு அதே கரு மும்மை நடையில் திரும்பி வரும், உருவம் மாறி, முகம் மாறாமல். நடை பேதம் கேட்டுப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. துண்டு துண்டாக ஒட்டிவைத்த பழைய கன்ஸோனாவுக்கு ஒரே முதுகெலும்பு கிடைத்தது இப்படித்தான்.

1635இல் அவர் வெளியிட்ட 'ஃபியோரி மூசிகாலி' திருப்பலிக்கான ஆர்கன் நூல். திருமுக வாசகம் முடிந்ததும் ஒரு கன்ஸோனா, நற்கருணை முடிந்ததும் ஒரு கன்ஸோனா என்று இடம் குறித்தே கொடுத்திருக்கிறார். அதை நம்பி நான் ஒரு முறை பட்டுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் நற்கருணைக்குப் பின் அந்தக் கன்ஸோனா ஒன்றை வாசித்தேன். பூசை முடிந்ததும் பாடகர் குழுப் பெரியவர் ஒருவர் வந்து, குதிரைவண்டி ஓடுவதுபோல் இருந்தது, கோவிலில் இதெல்லாம் எதற்கு என்றார். அந்த இடத்தில் வாசிக்கத்தான் ஐயா எழுதியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். எழுதினவர் நம் பங்கு இல்லையே என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

அந்த நூலை ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபஸ்தியான் பாக் 1714இல் தமக்கெனப் படியெடுத்து வைத்திருந்தார். அவருடைய ஆர்கன் படைப்புகளில் டி மைனர் கன்ஸோனா ஒன்று உண்டு: முதற்பகுதி இரட்டைப்படை, இரண்டாம் பகுதி அதே கரு மும்மையில். ஃப்ரெஸ்கோபால்டியிடம் ரோமில் பாடம் கேட்ட ஃப்ரோபெர்கர் வழியாக ஜெர்மன் நாடுகளுக்கும் இந்த வழக்கம் போயிருந்தது. 1650இல் இறந்ததாகச் சொன்ன பிள்ளை அடுத்த நூற்றாண்டில் நடமாடுகிறது பாருங்கள்.


#17 · நான்குநரம்பு · திங்கள், காலை 10.15

ஆர்கனில் மட்டுமல்ல. 1681இல் ரோமில் கொரெல்லி வெளியிட்ட முதல் தொகுதி, இரண்டு வயலினும் தாழ்குரலும் கொண்ட திருச்சபைச் சொனாட்டாக்கள். பெரும்பாலானவற்றில் மெதுவாக, வேகமாக, மெதுவாக, வேகமாக என்று நான்கு பகுதிகள். இரண்டாவது பகுதியைக் கேளுங்கள்: ஒரு குரல் எடுக்க, அடுத்தது பின்தொடர, கறுப்புச் சுரங்கள் பறக்கும். அதுதான் கன்ஸோனா. வீட்டை விற்றுவிட்டு, அதே வீட்டில் ஓர் அறையில் குடியிருக்கிறது.


#18 · சாட்சிஎங்கே · திங்கள், பிற்பகல் 12.40

அது ஃபியூக், ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வளர்க்கும் வடிவம். ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதெல்லாம் கன்ஸோனா என்றால் ரிச்சர்கார் என்ற பழைய கருவியிசை வடிவமும் கன்ஸோனாதான், மோட்டெட்டும் கன்ஸோனாதான். கொரெல்லி அந்தச் சொல்லை அங்கே எழுதவில்லை. எழுதாத சொல்லை நாம் ஏன் எழுத வேண்டும்?


#19 · நான்குநரம்பு · திங்கள், பிற்பகல் 1.02

ரிச்சர்கார் மெல்ல நடக்கும், நீண்ட வெள்ளைச் சுரங்களில். அது மோட்டெட்டின் பிள்ளை. இது ஷான்ஸோனின் பிள்ளை. நடையை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டும் பின்னால் ஃபியூக்கில் கலந்தன என்பது உண்மை, அதற்காகத் தாய்வீடு ஒன்றாகிவிடாது.


#20 · சாட்சிஎங்கே · திங்கள், இரவு 9.35

மதியம் எழுதியதிலிருந்து பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

கொரெல்லி எழுதவில்லை என்பது சரி. ஆனால் லண்டனில் ஹென்றி பர்செல் 1683இல் 'மூன்று குரல் சொனாட்டாக்கள்' வெளியிட்டார், இத்தாலிய ஆசான்களைப் பின்பற்றியதாக முன்னுரையில் சொல்லிக்கொண்டு. அவற்றின் தனிப் புத்தகங்களை இன்று மாலை எடுத்துப் பார்த்தேன். சொனாட்டாக்களுக்குள்ளே, வேகமான, ஒருவரை ஒருவர் துரத்தும் பகுதிகள் சிலவற்றின் தலையில் 'கன்ஸோனா' என்றே அச்சாகியிருக்கிறது. அவர் இறந்தபின் 1697இல் வந்த தொகுதியிலும் அப்படியே. ஒரு முழு உருப்படியின் பெயராக இருந்தது ஒரு பகுதியின் பெயராகிவிட்டது. நான்குநரம்பு சொன்ன ஓர் அறைக் குடித்தனம் அச்சிலேயே இருக்கிறது.

மேரி அரசியின் இறுதிச் சடங்குக்காக 1695இல் அவர் நான்கு எக்காளங்களுக்கு எழுதியதிலும் ஒரு கன்ஸோனா உண்டு. துள்ளலுக்குப் பேர்போன வடிவம் இறுதிச் சடங்கில் போய் நிற்கிறது. ப்ரெத்தோரியுஸ் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.


#21 · எட்டுக்கட்டை · திங்கள், இரவு 9.41

சாட்சி திரும்பப் பெற்றார் என்பதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.


#22 · மாலைக்காற்று · செவ்வாய், இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. இன்று தட்டை மீண்டும் கேட்டேன், கையில் தாளும் பேனாவும். பதினான்கையும் கூவிளச் சோதனை செய்தேன். எல்லாமே அப்படித் தொடங்கவில்லை, தேறியவையும் ஒரே மாதிரி இல்லை. இரண்டில் எனக்கே தீர்மானிக்க முடியவில்லை. அம்மா ஒன்றைத் தேறியது என்றார், மற்றதைத் தேறவில்லை என்றார். அவர் கணக்கையே வைத்துக்கொண்டேன்.

நான்குநரம்பு அக்கா, ரவேரீ தொகுதியின் முதல் உருப்படியே 'லா ஸ்பிரித்தாதா' என்று கண்டுபிடித்தேன். நான்கு குரல்தான். உங்கள் மாணவர்கள் வாசித்தால் நேரில் கேட்க வரலாமா? அம்மாவும் வருவார்.


#23 · நான்குநரம்பு · செவ்வாய், இரவு 10.48

தாராளமாக. மேல் குரல் இரண்டுக்கும் பிள்ளைகள் தயார். மூன்றாவதை நான் வியோலாவில் எடுத்துக்கொள்கிறேன். தாழ்குரலுக்குத்தான் ஆளில்லை, செல்லோ வாசிக்கும் பையன் தேர்வு என்று ஒரு மாதம் விடுப்பு.


#24 · ஊதுகொம்பு · செவ்வாய், இரவு 10.55

எல்லா வகைக் கருவிகளாலும் என்றுதானே எழுதியிருக்கிறது? ஞாயிறு காலை என்றால் வருகிறேன். சறுக்குக்குழாய் இரண்டு வருடமாக இறுகிக் கிடக்கிறது, நாளைக்கே எண்ணெய் போடுகிறேன். வாசிக்க வேண்டிய தாளை மட்டும் எழுத்து பெரிதாக எடுத்து வையுங்கள்.